எல்லாருக்கும் என் நம்பர்

ஆன்லைன் சென்டர் நடத்துகிறவளுக்கு ஊரில் எல்லாருடைய பிறந்த தேதியும் தெரியும், ஒருவருடைய கல்யாண நாளும் தெரியாது. எங்களுக்கும் ஜனங்களுக்கும் உள்ள நெருக்கம் அவ்வளவுதான்.

மரக்காணம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில் என் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், அப்புறம் நசீமா. நசீமா கூனிமேட்டுக்காரி, என் வயசுதான். போன் ரிப்பேர் அவள் வேலை. ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது என் வேலை. வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்வதும் என் வேலைதான், அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

உங்கள் குடும்பத்திலும் "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு" என்று ஒருவர் இருப்பார். அந்த ஆள் நீங்கள்தான் என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், உங்கள் பாடும் என் பாடும் ஒன்று. கீழே உள்ள சம்பவங்களில் உங்களுக்கு உபயோகமாக ஏதாவது குறிப்பு கிடைக்கும். எல்லாவற்றிலும் நான் அசடு வழிவதும் தெரியும். கடைசியில் கவிதா என்கிற பெண்ணின் நர்சிங் சீட் வருகிறது. நேராக அதையே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அதனால் சின்ன வெட்கங்களிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நனைந்த போன்

ஏழுமலை அண்ணன் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பாத்திக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலில் அவர் போன் விழுந்துவிட்டது. கூட வேலை செய்கிறவரின் போனிலிருந்து எனக்குக் கூப்பிட்டார். நான் பெரிய டாக்டர் மாதிரி மூன்று மருந்து சொன்னேன்: உடனே ஆஃப் பண்ணுங்க, சார்ஜ் போட்டுப் பார்க்காதீங்க, அரிசியில் புதைச்சு வைங்க. முதல் இரண்டும் சரி, நீங்களும் குறித்துக்கொள்ளலாம். மூன்றாவது எங்கேயோ படித்தது.

மறுநாள் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் உப்பு, உப்புக்குள் போன். "அளத்துல அரிசிக்கு எங்கங்க போறது? ஈரத்த இழுக்கறதுக்குத்தான சொன்னீங்க, உப்பு இழுக்காதா?" என்றார். மழைக்காலத்தில் உப்பு டப்பா தண்ணீர் விட்டு நிற்பதைப் பார்த்த யாருக்கும் அது நியாயமாகத்தான் படும். ஆனால் போனில் இருந்த ஓட்டைகள் எல்லாம் வெள்ளையாக அடைத்துப் போயிருந்தன. நான் சிரித்துவிட்டேன். அரிசி என்றால் அரிசிதான் அண்ணே, நீங்களாக மாற்றலாமா என்று கேட்டேன்.

நசீமா தலையை நிமிர்த்தவில்லை. அரிசியும் வேலைக்கு ஆகாது, அதன் தூசு உள்ளே போய் ஒட்டிக்கொள்ளும், உப்புத் தண்ணீரில் விழுந்ததைச் சீக்கிரமாகப் பிரித்துத் துடைத்தால்தான் உண்டு என்றாள். அப்புறம், "நீ அரிசியில போட்டு எத்தினி போன் நல்லாச்சு?" என்று கேட்டாள். நான் ஒரு போனைக்கூட போட்டதில்லை. ஏழுமலை அண்ணன் என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்த்தேன். நசீமா கையை நீட்டிச் சொன்னாள்: "நீ அரிசிங்குற, அண்ணன் உப்புங்குறாரு. ரெண்டு பேரும் போயி சோறாக்குங்க, போனை இப்படி குடுங்க."

பெரிய எழுத்து

மளிகைக் கடை காதர் பாய் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கண்ணை இடுக்குவார். பாவமாக இருக்கும். செட்டிங்ஸில் டிஸ்ப்ளேவுக்குள் போனால் எழுத்தைப் பெரிதாக்கலாம், இது பலருக்குத் தெரியாது, செய்துகொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கேட்காமலே, வருகிற மெசேஜைப் போனே சத்தமாகப் படிக்கும்படியும் வைத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து, கடையில் கூட்டமாக இருக்கிற நேரத்தில், அவர் வீட்டம்மாவிடமிருந்து மெசேஜ் வந்திருக்கிறது. போன் அதை நிறுத்தி நிதானமாக எல்லாருக்கும் படித்திருக்கிறது: நம்ம கடைப் பருப்பில் பூச்சி இருக்கிறது, வேறு கடையில் நல்ல பருப்பாக வாங்கி வாருங்கள். பாய் அப்படியே கடையை விட்டு என்னிடம் வந்தார். கோபப்படவில்லை, போனை மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "முன்னாடி எனக்கு மட்டும்தாம்மா தெரியாம இருந்துச்சு. இப்ப எனக்கு முன்னாடி ஊருக்குத் தெரியுது."

பூட்டுப் படத்துக்குக் கீழே

என் கடைச் சுவரில் ஒரு அறிவிப்பு இருக்கிறது. பெரிய பூட்டுப் படம் போட்டு நானே டைப் அடித்து லேமினேஷன் செய்தது. "உங்கள் பாஸ்வேர்டை யாரிடமும் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வையுங்கள்." அதற்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே பாஸ்வேர்டு வைத்துக்கொண்டிருந்தேன். என் கடைப் பெயரும் பின்னால் ஒன்று இரண்டு மூன்றும். தனித்தனியாக வைத்தால் மறந்துவிட்டு, கடைசி நாளில் வந்து என் உயிரை எடுப்பார்கள். இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எக்கியார்குப்பத்திலிருந்து தேவகி என்கிற பெண் மாமியாரோடு வந்தாள். தேவகிக்கு விண்ணப்பம் போடுகிற தளத்தில் ஒரு கணக்கு திறந்து பாஸ்வேர்டைச் சொன்னேன். மாமியாருக்குப் போன வருஷமே திறந்து கொடுத்திருந்தேன். "அத்தையோடதும் இதானா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அடித்துப் பார்த்துவிட்டாள், திறந்துகொண்டது. மாமியாரின் பழைய போட்டோவும் பிறந்த வருஷமும் திரையில் வந்து நின்றன. அந்தக் கணக்குப்படி மாமியாருக்குத் தன் மகனைவிட பத்து வயசுதான் அதிகம். தேவகி மாமியாரைப் பார்த்தாள். மாமியார் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் திரையை மூடினேன். தேவகி சுவரில் இருந்த பூட்டுப் படத்தைக் காட்டிக் கேட்டாள்: "ஊருக்கெல்லாம் ஒரே சாவின்னா, பூட்டு எதுக்குங்க மேடம்?"

போனை அணைத்து வையுங்கள்

இனிமேல் தள்ளிப்போட முடியாது.

எந்த விண்ணப்பத்திலும் போன் நம்பர் போடுகிற ஒரு கட்டம் உண்டு. எங்கள் பக்கத்தில் அந்தக் கட்டம்தான் பெரிய தலைவலி. உப்பளத்துக்குப் போனை எடுத்துப் போனால் சார்ஜர் ஓட்டையில் பச்சை பூத்துவிடும், அதனால் பலர் எடுத்துப் போவதில்லை. வீட்டுக்கு ஒரே போன் என்றால் அது கொத்து வேலைக்குப் போன புருஷனோடு புதுச்சேரியில் இருக்கும். சிம் கார்டை ஆஃபரைப் பார்த்து மாற்றிவிடுவார்கள். "என்ன நம்பர் போடட்டும்?" என்று கேட்டால் "உங்களுதே போடுங்க மேடம்" என்பார்கள். நானும் போட்டுக்கொண்டே போனேன். ஓடிபி வரும்போது அதைச் சத்தமாகப் படித்துச் சொல்வேன். ஊரே என் கையில் இருக்கிறது என்று எனக்கு ஒரு மிதப்பு. அதைச் சொல்லிக்கொள்ள இப்போது கூசுகிறது.

மல்லிகா உப்பளத்தில் வேலை செய்கிறவள். அவள் மகள்தான் கவிதா. நர்சிங் கவுன்சிலிங்குக்கு நான்தான் விண்ணப்பம் போட்டேன். நம்பர் கட்டம் வந்தபோது கவிதா, "எங்க சித்தப்பா நம்பர் குடுக்கட்டுமா?" என்று கேட்டாள். "அதெல்லாம் வேணாம், என்னுதுன்னா பத்திரம்" என்றேன். முதல் சுற்றிலேயே திண்டிவனத்தில் சீட் வந்தது. வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வந்துவிடலாம். குறிப்பிட்ட நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். வேலை முடித்துவிட்டுக் கடைசி நாள் மதியம் வருவதாக மல்லிகா சொன்னாள். அன்றைக்கு நான் கடையில் இருக்க மாட்டேன், நசீமா செய்துகொடுப்பாள் என்றேன். ஓடிபி வரப்போகிற போன் என் கைப்பையில் என்னோடு வரும் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

போன இடம் எது தெரியுமா. ஆரோவில் பக்கத்தில் ஒரு ஊரில் மகளிர் குழுக் கூட்டம். செல்போனைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது எப்படி என்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச ஆரம்பித்ததும் யாருடைய போனோ அடித்தது. "எல்லாரும் போனை ஆஃப் பண்ணி வையுங்க" என்று சொல்லி, என் போனை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்து முதலில் நானே அணைத்தேன். கை தட்டினார்கள். பேச்சு முடிந்தது, போண்டா சாப்பிட்டோம், அவர்களுடைய போன்களில் போட்டோ எடுத்துக்கொண்டோம். கூனிமேடு வரும்போதுதான் பஸ்ஸில் என் போனை உயிர்ப்பித்தேன். ஓடிபியாக வந்து விழுந்தது, எல்லாமே காலாவதி ஆனவை. நடுநடுவே நசீமா கூப்பிட்டிருந்த விவரம். மணி ஐந்தைத் தாண்டி ரொம்ப நேரம் ஆகிவிட்டது. பஸ் மெதுவாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்த முகத்தோடு இறங்குவது?

கடையில் கவிதா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்துவிட்டது என்று திரையில் எழுதியிருந்தது. நசீமா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மல்லிகா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவள் என்னைக் கண்டதும் நாற்காலியை விட்டு எழுந்து, "நீங்களும் அலைஞ்சிட்டு வர்றீங்க, உக்காருங்க" என்றாள். அந்த சீட் வேறு யாருக்கோ போய்விடும், இனி இரண்டாம் சுற்றுதான் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மல்லிகா மகளின் தோளில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கும் உங்க நம்பரே இருக்கட்டும் மேடம், உங்களுதுன்னா பத்திரம்."

அந்தப் பக்கம்

மறுநாளிலிருந்து ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டு, வாருங்கள், உங்கள் நம்பரையே போட்டுத் தருகிறேன் என்று கெஞ்ச ஆரம்பித்தேன். பாதிப் பேர் வரவில்லை. ஏழுமலை அண்ணன், என் போன்தான் இன்னும் நசீமா மேஜையில் பிரிந்து கிடக்கிறதே என்றார்.

இரண்டாம் சுற்றில் கவிதாவுக்கு சேலம் பக்கம் சீட் வந்தது. ஹாஸ்டலில்தான் தங்க வேண்டும். அந்த வீட்டில் யாரும் சேலம் பார்த்ததில்லை. சம்மதம் தெரிவிக்க அம்மாவும் பெண்ணும் காலையில் நான் கடை திறக்கும்போதே வாசலில் நின்றார்கள். கவிதா கையில் புது சிம் போட்ட சின்ன போன். முதலில் நம்பரை மாற்றச் சொன்னாள். அதற்குப் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதை நான் வாய் திறந்து படிக்காமல் போனை அப்படியே அவளிடம் காட்டினேன். அவள் பார்த்து அடித்தாள். அதற்கப்புறம் புது பாஸ்வேர்டு கேட்டது. பழக்க தோஷம், என் கை கீபோர்டுக்குப் போனது. "நானே அடிக்கிறேன் மேடம். நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றாள். குரலில் கோபம் இல்லை. மல்லிகாவுக்குத்தான் பதறிப்போயிற்று. "ஏய், மேடத்தப் போயி அப்படி சொல்லலாமா?" என்றாள்.

நான் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் சுவரில் என் பூட்டுப் படம். ஒவ்வொரு எழுத்தாக அவள் தேடித் தேடி அடிக்கிற சத்தம் கேட்டது. சீக்கிரம் முடித்துத் தொலைக்கக் கூடாதா என்று இருந்தது, தப்பில்லாமல் அடிக்க வேண்டுமே என்றும் இருந்தது. என் காது இரண்டும் சூடாகிவிட்டன. திண்டிவனம் பஸ்ஸில் போய் வர வேண்டிய பெண், நான் மேடையில் போனைத் தூக்கிக் காட்டியதால் சேலம் போகிறாள். அவள் போனில் ஓடிபி வந்து விழுகிற சத்தம் கேட்டது. அதை அவள் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் பிரிண்டர் ஓட ஆரம்பித்தது. பேப்பர் வெளியே வந்து விழுந்த பிறகும் நான் அப்படியே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, கவிதா சொன்னாள்: "முடிஞ்சிருச்சு மேடம், இப்ப திரும்பலாம்."

இத்தனை வருஷம் ஊருக்குப் பாடம் எடுத்ததில், நான் சொன்னதைச் சொன்னபடி கேட்டு நடந்த முதல் ஆள், என்னிடமிருந்துதான் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாள்.