மஞ்சள் கொடியும் ஒரே கிண்ணமும்

தொழுநோய் நீங்கியவரை மக்களோடு மறுபடி சேர்ப்பதற்கு மோசேயின் சட்டத்தில் தெளிவான நடைமுறை உண்டு. இரண்டு குருவிகள், ஈசோப்புக் கொத்து, ஏழு நாள் காத்திருப்பு, எட்டாம் நாள் காணிக்கை என்று அது நீளும். ஆனால் முதற்படி சுலபமானது: ஆசாரியன், அதாவது குரு, மக்கள் கூடாரமடித்திருக்கும் பாளயத்துக்கு வெளியே போய் அவரைப் பார்க்க வேண்டும்.

இந்த விதியை ஓய்வுநாள் பாடசாலையிலேயே படித்தவன் நான். தேவைப்பட்ட வருடத்தில் மட்டும் ஞாபகம் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திருகோணமலைத் துறைமுகத்துச் சுகாதாரக் கந்தோரில் கிளாக்கர். ஞாயிற்றுக்கிழமைகளில் சபைச் செயலாளர். இரண்டு உத்தியோகத்திலும் என் கோப்புகள் ஒழுங்காக இருக்கும். அந்த வருடம் அன்புவழிபுரத்து அக்கா ஒருவர், தொழுநோய் ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் இருந்துவிட்டு, குணமான சான்றிதழோடு வீடு திரும்பினார். நோய்க்கு முன்பு திருவிருந்து மேசை விரிப்பை வெளுத்துக் கஞ்சி போட்டுக் கொண்டுவந்து விரிப்பவர் அவர்தான். திரும்பி வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்று: மறுபடி திருவிருந்தில் பங்கெடுக்க வேண்டும்.

எங்கள் சபையில் திருவிருந்தின் திராட்சரசம் குடிக்க எல்லாருக்கும் ஒரே கிண்ணம். இரண்டு குடும்பங்கள் முகம் சுளித்தன. போதகர் என்னைப் பார்த்தார்.

"கொழும்புத் தலைமைக்கு எழுதி அபிப்பிராயம் கேட்பம்" என்றேன்.

சான்றிதழின் பிரதியை இணைத்து, குற்றம் காண இடமில்லாத கடிதம் ஒன்று எழுதினேன். பதில் வரும்வரை அக்கா கோயில் விறாந்தையில் இருக்கலாம் என்பதும் என் ஏற்பாடுதான். கதிரையைச் சாரல் அடிக்காத பக்கமாகப் பார்த்துப் போடுவித்தேன். அதைப் பெரிய இரக்கம் என்று அப்போது நினைத்தேன். மாதம் ஒரு திருவிருந்து. இரண்டு மாதம் அவர் விறாந்தையிலிருந்து பார்த்தார். மூன்றாம் மாதம் கதிரை வெறுமையாகக் கிடந்தது.

மறுநாள் ஒரு கப்பல் மஞ்சள் கொடியோடு துறைமுகத்துக்கு வெளியே நின்றது. மஞ்சள் கொடி என்றால் கப்பலில் நோய் என்று ஊரில் பலர் நினைப்பதுண்டு. அப்படியல்ல. நாங்கள் சுகமாக இருக்கிறோம், உள்ளே வர அனுமதி தாருங்கள் என்பதுதான் அதன் பொருள். கேட்ட கப்பலிடம் டாக்டரும் நானும் லாஞ்சில் போவோம். லாஞ்ச் ஓட்டி கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம். ஊர்க்கதை எதுவும் அவருக்குத் தப்பாது. போகும் வழியில், அக்கா பொறுமையில்லாமல் வராமல் விட்டுவிட்டார் என்று அவரிடம் குறைப்பட்டேன்.

"அந்த மனுசிக்குச் சுகமெண்டு பேப்பர் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"இந்தக் கப்பலுக்கு?"

"இன்னும் இல்லை. போய்ப் பார்த்துத்தானே குடுக்கிறது."

"பேப்பர் இல்லாத கப்பலைப் பார்க்க இந்தக் காத்துக்குள்ள போறம். பேப்பர் இருக்கிற மனுசியை விறாந்தையில வைச்சிருக்கிறீங்கள்." சுக்கானைத் திருப்பியபடியே கேட்டார்: "ஏன் ஐயா, உங்கட கோயிலுக்கு லாஞ்ச் இல்லையோ?"

டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாளயத்துக்கு வெளியே நடந்து போகும் ஆசாரியன் அப்போதுதான் நினைவுக்கு வந்தார்.

அன்று பின்னேரமே போதகரையும் கூட்டிக்கொண்டு அன்புவழிபுரம் போனேன். அக்கா வாசலில் நின்றார்.

"கடிதம் வந்திட்டுதோ, கிளாக்கர்த் தம்பி?"

"இன்னும் இல்லை அக்கா."

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்? கதிரையைத் திருப்பித் தரச் சொல்லவோ? அது உங்கட விறாந்தையிலதான் கிடக்கு."

போதகர் தொண்டையைச் செருமினார். "உங்களைப் பார்க்க வந்தனாங்கள்" என்றேன். "முதலே வந்திருக்க வேணும்."

அவர் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி கொண்டுவந்தார். "பயமெண்டால் வைச்சிட்டுப் போங்கோ. நான் கொழும்புக்கு எழுதமாட்டன்."

குடித்தேன். சீனி கூடிவிட்டது. இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த திருவிருந்தில் அக்கா முன்வரிசையில் இருந்தார். கிண்ணத்தை அவருக்கு அடுத்ததாக நான் வாங்கினேன். முகம் சுளித்த குடும்பங்களில் ஒன்று அன்றே குடித்தது. மற்றது இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது.

அந்தப் பழைய சட்டத்தில் ஆசாரியன் யாரையும் குணமாக்குவதில்லை. அதைக் கடவுள் முன்பே செய்துவிடுகிறார். போய்ப் பார்ப்பதும், கண்டதை வாய்திறந்து சொல்வதும்தான் ஆசாரியனின் வேலை. நோயாளியின் தீட்டைச் சட்டம் குற்றமாக எழுதவுமில்லை. விலகி நிற்பதுதான் சுத்தம் என்று அதில் வாசித்தவன் நான். கந்தோரில் நாளுக்குப் பத்துத் தரம் சவர்க்காரம் போட்டுக் கை கழுவியவனின் உள்ளே இருந்த அழுக்கு, ஒரு கேள்வியாலும் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியாலும் போனது. கேட்டவருக்கும் ஊற்றியவருக்கும் நான் அன்று ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

தலைமையும் பதில் போடாமல் விடவில்லை. விடயம் பரிசீலனையில் இருப்பதாகவும், முடிவு வரும்வரை தற்போதுள்ள ஏற்பாட்டையே தொடருமாறும் எழுதியிருந்தார்கள். தொடர்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. நான் கடிதத்தைப் பிரித்தபோது, அக்கா மாலை ஆராதனைக்காகக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தார். அன்று அடுத்த வருடத்துப் பெரிய வியாழக்கிழமை, இயேசு சீடர்களோடு ஒரே கிண்ணத்தில் பகிர்ந்த கடைசி விருந்தை நினைக்கும் நாள்.