மேலுமலை இறக்கத்தில் ஒரு கறுப்பு நாய்

தேய்பிறை அஷ்டமி வந்தால் எங்கள் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிடுவாள். பூசணிக்காயை அறுத்து, உள்ளே எண்ணெய் ஊற்றித் திரி போட்டு, காலபைரவர் சந்நிதியில் விளக்கேற்றுவாள். பிறகு கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய்களுக்கு பிஸ்கட்டைப் பிரித்துப் போட்டு, "என்னைய மன்னிச்சுடு சாமி, என் தம்பிய விட்டுடு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். நாய்களிடம்தான் சொல்வாள். பைரவரின் வாகனம் அல்லவா. அந்தத் தம்பி, அதாவது என் மாமா, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்து அவள் பின்னால் நிற்பார்.

மாமா சைக்கிள் பந்தயக்காரர். திருவிழாவில் மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் காட்டுகிறவர் இல்லை. நெடுஞ்சாலையில் ஊர் விட்டு ஊர் பறக்கிற ரோடு ரேஸ். மூக்கண்டப்பள்ளியில் வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை வீடுகளில் ஒன்றில் எங்களோடுதான் இருந்தார். சிப்காட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர், ஷிப்ட் முடிந்ததும் கிருஷ்ணகிரி ரோட்டில் லாரிகளின் முதுகை ஒட்டிக்கொண்டு மிதிப்பார். முன்னால் போகிற லாரி காற்றைக் கிழித்துக் கொடுக்குமாம், பின்னால் போகிறவனுக்குப் பாரம் குறையுமாம். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்து, பெங்களூர் டீம் ஒன்று சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டதும் கம்பெனி வேலையை விட்டார். காம்பவுண்டே சிரித்தது. "பேப்பர் போடற பையனும்தான் சைக்கிள் மிதிக்கறான், அவனுக்கு யாரு கப்பு குடுத்தா?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாள். வீட்டுக்காரக் கன்னட அம்மா மட்டும் அவர் கிளம்பும்போதெல்லாம் "மெல்ல ஹோகப்பா" என்பாள். "மெல்ல போனா டீம்ல இருந்து தொரத்திடுவாங்கம்மா" என்று சிரித்துக்கொண்டே போவார் மாமா.

இந்திய அணியின் முகாமுக்கு ஆள் எடுக்கும் பந்தயம் ஒன்று வந்தது. அதில் தேறினால் வெளிநாட்டுக்குப் போகலாம். தேறாவிட்டால் அடுத்த வருடம் வயது தாண்டிவிடும், பெங்களூர்க்காரர்களும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். பந்தயம் விஜயதசமி காலையில் என்றதும் அம்மா பூரித்துப்போனாள். அம்மனே பார்த்துக் குறித்துக் கொடுத்த நாள் என்றாள்.

முதல் நாள் ஆயுத பூஜை. அப்பாவின் ஸ்பேனர், அம்மாவின் அரிவாள்மனை, என் பாடப்புத்தகம் எல்லாவற்றுக்கும் நடுவில் மாமாவின் சைக்கிள் நின்றது. அம்மா சந்தனத்தைக் குழைத்து ஹேண்டிலில், சீட்டில், இரண்டு சக்கரத்து ரிம்மிலும் சுற்றிச் சுற்றிப் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் கற்பூரம் காட்டும்வரை எடுக்கக்கூடாது. மாமாவும் எடுக்கவில்லை. தள்ளி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் மாமா குளித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா கற்பூரம் காட்டி முடித்தாள். ரிம்மில் சந்தனம் காய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. ஈரத்துணிக்குப் போகவில்லை. பூஜைச் சாமானைத் துடைப்பதுபோல் தேங்காய் எண்ணெயில் துணியை நனைத்து, ஒரு இடம் விடாமல் அழுத்தித் துடைத்தாள். "எந்தம்பி சைக்கிள பாருடி, கண்ணாடியாட்டம் இருக்குது" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அவசர அவசரமாக டெம்போவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு மாமா சூளகிரிக்குப் போனார். அங்கிருந்துதான் பந்தயம்.

நானும் அப்பாவும் மொபெட்டில் போய் மேலுமலை இறக்கத்தின் அடியில், வளைவுக்குப் பக்கத்தில் நின்றோம். பந்தயக்காரர்களை ஒவ்வொருவராகத் தனியே அனுப்பினார்கள். மேலுமலை வரும்வரை பிரேக்குக்கு வேலையில்லாத ரோடு. மாமா மேலே தெரிந்ததும் நான் கை தட்டினேன். கிட்டே வர வரத்தான் முகம் தெரிந்தது. இரண்டு கையும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருந்தன. சைக்கிள் நிற்கவில்லை. ஒரு காலை எடுத்து ரோட்டில் தேய்த்தார். அப்படியே போய் வளைவில் இருந்த பாலத்துச் சுவரில் மோதினார்.

அப்பா ஓடினார், பின்னாலேயே நானும். மாமா இடுப்புக்குக் கீழே கோணிப்போய்க் கிடந்தார். காலை அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த சக்கரத்தை விரலால் தடவி, அந்த விரலை முகர்ந்து பார்த்தார். அப்பாவைக் குனியச் சொல்லிக் காதில் என்னவோ சொன்னார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் அப்பா ரோட்டோரத்து மண்ணை அள்ளி அள்ளி இரண்டு சக்கரத்திலும் தேய்த்தார். மனுஷன் துடித்துக்கொண்டு கிடக்கும்போது சக்கரத்துக்கு என்ன மண் வேண்டியிருக்கிறது என்று எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது.

ஆஸ்பத்திரிக்கு அம்மா அலறிக்கொண்டு வந்தாள். "என்னாடா ஆச்சு?"

"அக்கா, நாய். கறுப்பு நாய். திடீர்னு குறுக்க வந்துடுச்சு."

அம்மா அப்படியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பைரவருடா! போன அஷ்டமிக்கு வர்றேன்னு நேந்துக்கிட்டுப் போகாம விட்டுட்டேன்டா. எல்லாம் என்னாலதான்" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

"நாயே வரலம்மா. நான் பாத்துட்டுத்தான இருந்தேன்" என்றேன் நான். அப்பா என் கையை நசுக்கினார். மாமா கண்ணைத் திறந்து என்னையே பார்த்தார். "நீ கை தட்டிட்டு இருந்த கண்ணு. உனக்குத் தெரியல" என்றார்.

இடுப்பெலும்பில் கம்பி வைத்தார்கள். ஒரு கால் கட்டையாகிப் போனது. பெங்களூர்க்காரர்கள் ஒருமுறை வந்து பார்த்ததோடு சரி. லேத்தில் நாளெல்லாம் நிற்க முடியாது என்று பழைய கம்பெனியிலும் எடுக்கவில்லை. வேறொரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக உட்கார்ந்தார். சைக்கிள் மண்ணோடு சுவரில் தொங்கியது. ஆயுத பூஜைக்கு அதை இறக்கிக் கழுவலாம் என்று அம்மா கேட்டால் மட்டும் மாமாவுக்குக் கோபம் வரும்.

ஓட்டத் தெரியாமல் விழுந்துவிட்டு இல்லாத நாயின்மேல் பழி போடுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன். எங்கள் மாமா ரேஸ்காரர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்வதைக்கூட விட்டுவிட்டேன்.

அம்மா இப்போது இல்லை. போன ஆயுத பூஜை முடிந்த மறுநாள் என் மகனின் சைக்கிளில் காய்ந்திருந்த சந்தனத்தை, அம்மா செய்த மாதிரியே எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொடுத்தேன். தெருமுனை வரை போனவன் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு வந்தான். "வீல்ல என்னாம்மா தடவுன? பிரேக் கட்டை அந்த ரிம்மதான பிடிக்கணும்? வழுக்கிக்கிட்டே போவுது!" என்று கத்தினான். துணி என் கையிலேயே இருந்தது. சாமி மாடத்துக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த அஷ்டமிக்குக் கோயிலுக்குப் போனேன். பூசணி விளக்கை ஏற்றிவிட்டு, குனிய முடியாமல் குனிந்து, மாமா நாய்களுக்கு பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தார். "அக்கா இல்லன்னா இதுங்களுக்குத் தெரியுமா கண்ணு, பாத்துட்டே இருக்குதுங்க" என்றார். அம்மா நின்ற இடத்தில் அவர் நின்றார். அவர் பின்னால் நான் நின்றேன். எதையும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து அவர் என்னைப் பார்த்த பார்வையைக் கோபம் என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். என்னிடம் அவர் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறார்.