தவில்காரர் வேகத்தில் ஒரு சிவப்புக் கார்

பழைய கார் தரகும் கல்யாணத் தரகு போலத்தான். ஜோடி சேர்ந்தால் சந்தோஷம் அவர்களுக்கு, சேராவிட்டால் சாபம் நமக்கு. வீடோ, மாடோ, எதையாவது கைமாற்றிவிட்டு வயிறு வளர்க்கும் சக பாவிகளுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறி, ஆளாளுக்கு வண்டியை மூலையில் நிறுத்திய சமயம், பெரிய காஞ்சிபுரத்தில் நான் பட்ட பாடு இது.

பாவுக்கு நின்ற பாய்ச்சல்

பட்டுக்கடை ஏகாம்பர முதலியாரிடம் ஒரு சிவப்புச் சீமைக் கார் இருந்தது. இரண்டே இருக்கை, தலைக்கு மேல் வானம். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடம் ஆசைப்பட்டு வாங்கியது. காற்றாய்ப் பறக்கும் என்பார் முதலியார். எங்கே பறப்பது? காலையில் வெளியே வந்தால் தெருவை அடைத்துப் பாவு நீட்டியிருப்பார்கள். தறிக்குப் போக வேண்டிய பட்டு இழைகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. அதைச் சுருட்டும்வரை கார் உறுமிக்கொண்டே நிற்கும். ஒருநாள் பாவுக்குக் கஞ்சி தடவிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "எதுக்கு மொதலாளி அது இந்தக் கத்து கத்துது? அத்த அமத்திட்டு எறங்கி ஒரு கை புடிங்க, சீக்கிரம் சுருட்டிடலாம்."

அம்மா ஏறிய பஸ்

முதலியாரின் மனைவி கற்பகம்மாள் அந்தக் காரில் ஏறியது ஒரே ஒரு தடவை. ஓரிக்கையில் ஒரு கல்யாணம். ஊரைத் தாண்டியதும் முதலியாருக்குக் கால் அரித்தது, அழுத்திவிட்டார். அம்மாளின் கொண்டைப் பூ பறந்துபோய், பின்னால் வந்த சைக்கிள்காரர் கழுத்தில் மாலையாக விழுந்தது. கல்யாண வீட்டில் இறங்கியபோது சொந்தத் தங்கைக்கே அம்மாளை அடையாளம் தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கே போனாலும் அம்மாள் பஸ்ஸில் போவார். முதலியார் அதே பஸ்ஸின் பின்னால் புழுதி தின்றுகொண்டு காரில் போவார். கூரை உள்ள வண்டி வந்தால்தான் ஏறுவது என்று அம்மாள் பிடிவாதம். இதற்கிடையே வரும் தை மாதம் முதலியாருக்கு அறுபதாம் கல்யாணம் என்று முடிவாயிற்று. மணையில் தனியாக உட்கார வேண்டி வருமோ என்று மனிதர் நிஜமாகவே பயந்துவிட்டார். சிவப்பைக் கொடுத்துவிட்டு ஒரு அம்பாசிடர் மாற்றிக் கொடு என்றபோது கண் கலங்கியது, எனக்கே பாவமாக இருந்தது. தைக்குள் வண்டியை மாற்றிவிடலாம், பொறுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டதற்கு அம்மாள் சொன்ன பதில்: "அறுபதாம் கல்யாணத்துக்கும் நான் பஸ்லதான் வருவேன்பா. தாலிய அவுரு கண்டக்டர் கையில குடுத்து அனுப்பட்டும்."

மூட்டைக்கு இடம்

முதலில் பார்க்க வந்தவர் திருமுக்கூடல் பக்கத்து விவசாயி. அம்பாசிடர் வைத்திருந்தார். வரும்போதே நெல் மூட்டை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார், வண்டி தாங்குமா என்று பார்க்க. அவருடைய டிரைவர் ஒரு இருக்கையில், மூட்டை இன்னொன்றில். வண்டி ஜம்மென்று கிளம்பிப் போயிற்று. விவசாயியும் நானும் தெருவிலேயே நின்றோம். அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "டிரைவரு போறான், மூட்ட போவுது. அப்ப நான் இன்னாத்துக்குப்பா, டாட்டா காட்டவா?"

எவ்வளவு மெதுவாகப் போகும்?

கடைசியில் மாட்டியவர் கல்யாண காண்டிராக்டர். பந்தல், மேளம், வண்டி எல்லாம் அவரே. மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் வேண்டும், கையிலிருந்த கறுப்பு அம்பாசிடரைத் தருகிறேன் என்றார். முதலியார் வேகத்தைப் பற்றி ஆரம்பித்தார். காண்டிராக்டர் கையமர்த்தி, எவ்வளவு மெதுவாகப் போகும் என்று கேட்டார். நான் பதினைந்து வருடத் தொழிலில் கேட்காத கேள்வி.

பரீட்சைக்கு மேளக்காரர்களையே கூட்டி வந்துவிட்டார். பட்டப்பகலில் ராஜவீதியில், மாப்பிள்ளை இல்லாத மாப்பிள்ளை அழைப்பு. தவில்காரர் முன்னால் வாசித்துக்கொண்டு நடக்க, கார் பின்னால் குதிக்க, அவர் ஒவ்வொரு அடிக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டார். மெக்கானிக் ஒருவர் இரண்டு நாள் போராடி அந்தச் சிங்கத்தை நடக்கப் பழக்கினார். மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுக் காண்டிராக்டர் சொன்னார்: "தவிலுக்காரரு முதுவுல இடிக்கல. போதும், எடுத்துக்கறேன்."

கூரையின் கீழ் இடமில்லை

அறுபதாம் கல்யாணத்தன்று கோயிலில் கும்பிட்டுவிட்டு மண்டபத்துக்குக் கிளம்ப வேண்டும். தம்பதி பிரசாதம் வாங்கி வெளியே வருவதற்குள் அம்பாசிடருக்குள் சித்தப்பா, மச்சான், சம்பந்தி, அவர்கள் பிள்ளைகள் என்று உறவே ஏறி உட்கார்ந்துவிட்டது. இறங்கச் சொன்னால் மனஸ்தாபம். அம்மாள் பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசையைப் பார்த்தார். முதலியார் முகம் செத்துவிட்டது.

அன்றைய பந்தலும் மேளமும் ஏற்றிருந்த காண்டிராக்டர் வழக்கம்போலச் சிவப்புக் காரைப் பூவால் ஜோடித்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். முகூர்த்தம் நெருங்குகிறது, வேறு வழியில்லை. கொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அம்மாள் ஏறினார். முதலியாரே ஓட்டினார். முன்னால் மேளம், பின்னால் தவில்காரர் வேகத்தில் கார். கொஞ்ச தூரத்தில் அம்மாள் கொண்டையிலிருந்து கையை எடுத்தார். மண்டப வாசலில் இறங்காமல் உட்கார்ந்தபடியே புருஷனிடம் கேட்டார்: "இவ்ளோ மெதுவா ஓட்டத் தெரிஞ்சி வச்சிக்கினா இத்தினி வருசமா என்னெ பஸ்ல அலய வுட்டீங்க?"

மறுநாள் காலையிலேயே முதலியார் என் வீட்டு வாசலில் அம்பாசிடரோடு வந்து நின்றார். ஆறு மாதம் அலைந்து விற்றுக் கொடுத்த வண்டியை, அதே ஆளுக்கே திரும்ப வாங்கிக் கொடுக்க ஒரு வருடம் அலைந்த தரகன் என்ற பெருமை காஞ்சிபுரத்தில் எனக்கு மட்டும்தான் உண்டு.