இடம் மாறிய வெள்ளைப் புள்ளி

மறுநாள் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்று முடிவாகியிருந்த ஒருவரை, திருப்பதியில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனையின் சி.டி. ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். நோயாளியை மேசையில் படுக்க வைப்பது, சொன்னபடி திருப்புவது, இறக்குவது என் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு.

அவர் பெயர் கோவிந்தன். சித்தூர்ப் பக்கம் குடிபாலாக்காரர். மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் கூடை தூக்குகிறவர். இருமலுக்காகச் சித்தூரில் எடுத்த எக்ஸ்ரேயில் வலது நெஞ்சின் அடியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. எங்கள் முதல் ஸ்கேனில் அது மேலே, முதுகுப் பக்கம் இருந்தது. நோய் பரவுகிறதோ என்று டாக்டர்களுக்குச் சந்தேகம்.

“அண்ணா, புத்துநோவுதானே? மறைக்காம சொல்லு. என் பொண்டாட்டி வெளிய அழுதுகினு கீறா.”

அவர் மேல் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஸ்கேன் படம் பார்க்கும் டாக்டரம்மா தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

“தேவராஜு, அன்னிக்கு இவரை எப்படிப் படுக்க வெச்சீங்க?”

“மல்லாக்கம்மா.”

“சித்தூர்ல நிக்க வெச்சு எடுத்திருக்காங்க. பரவியிருந்தா பழைய இடத்துலயும் இருக்கணும் கதா? அங்க ஒண்ணுமே இல்ல. குப்புறப் படுக்க வைங்க.”

திருப்பினேன். ஸ்கேன் ஓடியது. டாக்டரம்மா என்னையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். முதுகுப் பக்கம் இருந்த புள்ளி மார்புப் பக்கம் உருண்டு வந்திருந்தது!

நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நடுவே ஒரு துணுக்குக் கொழுப்பு கழன்று, சுண்ணாம்பு படிந்து கல்லாகியிருக்கிறது. எதிலும் ஒட்டாததால் ஆள் திரும்பினால் அதுவும் உருளும். இதற்குத் தோராகோலித்தியாசிஸ் என்று பெயர் என்றார் டாக்டரம்மா. மிக அபூர்வம், கெடுதல் இல்லை. சர்ஜன் வந்து பார்த்தார். ஆபரேஷன் வேண்டாம் என்றார். இருமலுக்கு மாத்திரை எழுதினார்.

“கல்லா? சீசன்ல மாங்கொட்டைய முழுங்கிட்டனா, டாக்டரம்மா?” என்றார் கோவிந்தன்.

“முளைக்காது, பயப்படாதீங்க.”

உள்ளே வந்திருந்த அவர் மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. “இனிமே எந்தப் பக்கமா படுக்கணும்மா இவுரு?”

“எந்தப் பக்கம் வேணும்னாலும் படுக்கட்டும். கல்லு பாட்டுக்கு உருளட்டும். நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு நல்லா தூங்குங்க.”

அப்போதுதான் அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார்.

அவ்வளவு படித்தவர், படத்தை நம்பும் முன் அதை எப்படி எடுத்தோம் என்று என்னிடம் கேட்டார். அன்று முதல், ஒருவரை எப்படிப் படுக்க வைத்தேன் என்பதை, யாரும் கேட்காவிட்டாலும், வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.