மிக்கேலின் கிடா

போன வாரம் சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் போகிற பஸ்ஸில் என் காலடியில் ஒரு கிடா வந்து படுத்துக்கொண்டது. மழையில் நனைந்த கிடாவின் வாடையை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பஸ்ஸே மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது. நான் மட்டும் அதை மோந்துகொண்டே, கயிற்றைப் பிடித்திருந்தவரிடம், "பந்துகளிக்குப் பரிசா கொண்டு போறியளா?" என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பந்துகளிக்கு ஆரு பெரியவரே கெடா குடுப்பா? இது கோயில் நேர்ச்சைக்காக்கும்" என்றார். பிறகு நாகர்கோவில் வரும்வரை என் பக்கம் திரும்பவில்லை. கிறுக்கு என்று நினைத்திருப்பார். நினைத்துவிட்டுப் போகட்டும்.

கொடுத்தார்கள் ஐயா. நான் சொல்வது முப்பதுகளின் தொடக்கம். இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரை ஊர்களில் மாதா கோயில் திருநாள் என்றால் பந்தாட்டம் உண்டு. பரிசுக் கிடாவைக் கோல் கம்பத்திலேயே கட்டிப் போட்டிருப்பார்கள். ஜெயித்த பக்கத்தின் சிறந்த ஆட்டக்காரன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டும். பயந்த கிடா அவன் முதுகிலேயே எல்லாவற்றையும் செய்யும். அவன் துடைக்க மாட்டான், அதுதான் பெருமை. எத்தனை வருஷம் உதைத்தாலும் தோளில் கிடா ஏறாதவனை அந்தக் கரையில் ஆட்டக்காரன் என்று சேர்க்க மாட்டார்கள்.

மிக்கேலின் தோளில் கிடா ஏறியதில்லை. அவன் ஆடிய திருநாள்களில் எல்லாம் கடைசி ஆட்டத்தில் அவன் பக்கம் தோற்றது. தோற்றது மற்றவர்கள், அவன் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். ஆனால் கிடாவுக்கு அது தெரியுமா?

நானும் மிக்கேலும் ஒரே கல்லூரி அணியில் இருந்தோம். நான் பெரும்பாலும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். யாருக்காவது கால் பிசகினால்தான் எனக்கு அழைப்பு வரும். மிக்கேல் கடல் மணலில் ஓடிப் பழகிய கால்காரன். பூட்ஸ் கிடையாது. புல்தரையில் இறங்கிவிட்டால் அவனைப் பிடிக்க ஆளில்லை. அந்தக் காலுக்காகத்தான் கல்லூரி அவனைச் சம்பளம் கட்டச் சொல்லாமல் சேர்த்துக்கொண்டது. அணியில் இருக்கும்வரை படிப்பு. அணியை விட்டால் படிப்பும் போச்சு. அவன் கரையிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்.

"பாஸாயி ஒரு துறைமுகத்துல எழுத்து வேலைக்குப் போயிரணும் மக்கா. மரத்துல மட்டும் ஏற மாட்டேன். எங்கப்பனக் கொண்டுபோன கடலாக்கும்" என்பான். கட்டுமரத்தை அவர்கள் மரம் என்றுதான் சொல்வார்கள். அவன் அம்மை மீன் நிறைந்த ஓலைக்கடவத்தைத் தலையில் வைத்துச் சுசீந்திரம் வரை நடந்து விற்றுத்தான் வீடு ஓடியது. எங்கள் வீடு மீன் ஏறாத சைவ வீடு. ஆனாலும் வழியில் என்னைக் கண்டால் கடவத்தை இறக்கி வைத்துவிட்டு மகனைப் பற்றி விசாரிப்பாள்.

அந்த வருஷம்தான் புது விதி வந்தது. எங்கேயோ சில கல்லூரிகள் கூலிக்கு ஆள் பிடித்து, மீசை நரைத்தவனை எல்லாம் மாணவன் என்று இறக்கினார்களாம். அதைத் தடுக்க வேண்டியதுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் விதி எப்படி வந்தது என்றால், விளையாடியதற்காகக் காசோ பொருளோ எங்கே வாங்கியிருந்தாலும் அவன் கல்லூரிக்கு ஆடக் கூடாது என்று வந்தது. விசாரிக்க, அப்போது எங்கள் பகுதியை ஆண்ட திருவனந்தபுரத்திலிருந்து தொப்பி வைத்த ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்தார். எதற்காகக் கேட்கிறார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. விளையாடி ஏதாவது வாங்கியது உண்டா என்றார். எனக்கு அப்பாவிடம் வாங்கிய அடிதான் ஞாபகம் வந்தது. இல்லை என்றேன். அடுத்தது மிக்கேல்.

மிக்கேல் அதைத் தகுதிக்கான கேள்வி என்று நினைத்தான். பெரிய மனுஷன் முன்னால், ஒன்றும் வாங்காதவன் என்று எப்படிச் சொல்வான்?

"ஒரு கெடா, சார்."

பெரியவர் எழுதிக்கொண்டார். எழுதுகிறாரே என்று மிக்கேலுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேறே என்றார் பெரியவர்.

"நேந்திர வாழக்கொலை உண்டும் சார். பிறகு ஒரு சரிகை வேட்டி."

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பயல் எப்படி அளக்கிறான் பார் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் அவன் பெயரை அடித்துவிட்டார்கள். எங்களுக்குப் பந்து பழக்கிய டிரில் மாஸ்டர் நல்லவர், தலையில் அடித்துக்கொண்டார். மிக்கேல் அவர் முன்னால் நின்று, "பொய்யாக்கும் சார். ஒரு ஆட்டுவாலு கூட எனக்குக் கெடைக்கல்ல" என்று அழுதான். மாஸ்டர் மன்றாடியதில், கரைக்கே போய்க் கேட்டுவிடலாம் என்று பெரியவர் இறங்கி வந்தார். ஆனால் யாரும் முன்கூட்டிப் போய்ச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றார். சொல்லாவிட்டால்தான் என்ன, உள்ளது உள்ளபடி சொல்லப் போகிறார்கள் என்று நாங்களும் தைரியமாக இருந்தோம்.

மாட்டுவண்டியில் போய் இறங்கினோம். கோயில் முற்றத்தில் கூட்டம் கூடிவிட்டது. மிக்கேலைத் தள்ளி நிற்கச் சொன்னார் பெரியவர். கேள்வியை அவரே மலையாளத்தில் கேட்டார்: "ஈ மிக்கேலினு பந்து களிச்சு ஆடு கிட்டியிட்டுண்டோ?"

தொப்பிக்காரன் ஒருவன் வந்து, நம்ம பயலுக்குக் கிடா கிடைத்ததா என்று சந்தேகம் கேட்கிறான். அவர்களுக்கு விஷயம் அவ்வளவுதான் விளங்கியது. கடவத்தோடு நின்ற அவன் அம்மைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"கிட்டாமயா? நாந்தான் கறி வச்சேன். நெத்தியில வெள்ளை உள்ள கெடா."

"ஊரே தின்னுச்சு சார்" என்றார் ஒரு கிழவர். "ஒண்ணு இல்ல, ரெண்டு கெடா" என்றது இன்னொரு குரல். அவனைத் தோற்கடித்த பக்கத்து ஆட்கள் கூட ஆமாம் ஆமாம் என்றார்கள். அப்படி ஒரு ஒற்றுமையை அந்தக் கரையில் அதற்கு முன்னும் பின்னும் யாரும் கண்டதில்லை. நான் மிக்கேலைத் திரும்பிப் பார்த்தேன். ஓடி வந்து அம்மையின் வாயைப் பொத்துவான் என்று நினைத்தேன். அவன் அம்மையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரியவர் நன்றி சொல்லி வண்டி ஏறினார்.

அந்த மாதமே மிக்கேல் கல்லூரியை விட்டான். கொஞ்ச நாள் மரத்தில் போனான் என்று கேள்வி. பிறகு கொழும்புக்குத் தோணி ஏறிவிட்டான். விதி எவ்வளவு காலம் நின்றது என்கிறீர்களா? அடுத்த மழைக்காலத்துக்குள், திருவிழாப் பரிசுகள் கணக்கில் சேராது என்று திருத்திவிட்டார்கள். மாஸ்டர் சைக்கிளை மிதித்துக்கொண்டு கரைக்கு ஓடினார். யாரைக் கூப்பிடுவது? கொழும்பிலிருந்து ஒரு சேதியும் வரவில்லை. கடைசிவரை வரவில்லை.

இப்போது திருநாள் பந்தாட்டத்துக்குப் பளபளவென்று கோப்பை கொடுக்கிறார்கள். பந்து நன்றாக ஆடினால் கல்லூரியில் இடமும் கொடுக்கிறார்கள், வேலையும் கொடுக்கிறார்கள். மிக்கேல் ஓடிய மணல் கடலுக்குள் போய்விட்டது. டிரில் மாஸ்டர் போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் நின்றவர்களில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

அவன் அம்மை நெடுங்காலம் கடவம் சுமந்தாள். சுசீந்திரம் வழியில் என்னைக் கண்டால் இறக்கி வைப்பாள். "எதுக்கு மக்கா எம்புள்ளய வேண்டாம்னு சொன்னாவ?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். காலில் அடிபட்டதால் என்று சொல்லி வைத்திருந்தேன். அதைக் கேட்டுக்கொண்டு, "எப்பேர்ப்பட்ட காலு அது! கெடாவ வாங்கின காலுல்லா. நெத்தியில வெள்ளை. நீ பாத்தியா மக்கா அத?" என்பாள்.

"பாத்தேன்" என்பேன்.

அவளும் போன பிறகு, அந்தக் கிடாவைப் பார்த்ததாகச் சொல்ல நான் ஒருவன்தான் மிச்சம்.