பெண் பார்க்க வந்த அன்று லிஃப்ட் நின்றது

எங்கள் விளாங்குடி அப்பார்ட்மெண்டில் குழாயோ மோட்டாரோ எது மக்கர் பண்ணினாலும் ஆள் தேடி அலைவது என் தலையெழுத்து. சங்கத்துச் செயலாளர் நான்தானே! அலைந்து சலித்துப்போய், இரண்டாம் மாடியில் சொந்த வீடு வைத்திருந்த என் சிநேகிதனையே ரிப்பேர் வேலைக்குச் சம்பளத்துக்கு அமர்த்தினேன். மில் ஃபிட்டர். மில்லை மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தான்.

அவன் மனைவிக்கு இது பிடிக்கவே இல்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சிம்மக்கல்லில் மொத்தக் கடை வைத்திருப்பவர்கள் பெண் பார்க்க வருவதாக முடிவானதும் என்னிடம் வந்தாள்.

“அண்ணே, மில்லு மூடுனத மட்டுந்தான் அவுககிட்ட சொல்லியிருக்கோம். இவுக இங்க வேலை பாக்குறது தெரிஞ்சா வேண்டாம்னுருவாக. யாரும் வாயத் தெறந்துறாம பாத்துக்கங்க.”

“நான் இருக்கேன்ல தங்கச்சி” என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன்.

அன்று காலை மாப்பிள்ளையும் பெற்றோரும் லிஃப்டில் ஏறிய நேரம் பார்த்துக் கரண்ட் போனது. இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். கரண்ட் போனாலும் லிஃப்டை அடுத்த மாடியில் சேர்க்கும் பேட்டரி முந்தின வாரமே செத்துப்போயிருந்தது. புதிது வாங்குவதைத் தள்ளிப்போட்டவன் நான்தான். “மூச்சு முட்டுதே, தெறங்களேன்!” என்று உள்ளே மாப்பிள்ளையின் அம்மா கதவைப் படபடவென்று தட்டினார்.

சத்தம் கேட்டுச் சிநேகிதன் பட்டு வேட்டியோடு வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டான்.

“டேய், நீ போகாத. அவுக பாத்துட்டா எல்லாம் போச்சு” என்றேன்.

“போடா, உசுரு பெருசா, சம்பந்தம் பெருசா?”

மொட்டைமாடி மெஷின் ரூமுக்கு ஓடினோம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவன் பிரேக்கை விடுவித்துப் பிடிக்க, நான் லிஃப்ட் மோட்டாரின் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். இன்னும் எவ்வளவு ஏற்றவேண்டும் என்று வாட்ச்மேன் கீழிருந்து குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். லிஃப்டைச் சாண் சாணாக இரண்டாம் மாடிக்கு ஏற்றிச் சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. வாட்ச்மேன் சாவி போட்டுக் கதவைத் திறந்தார். அவன் கிரீஸ் கையைக் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் வந்து வணக்கம் சொன்னான்.

நான் சங்கத்துச் செயலாளர் என்று தெரிந்ததும் மாப்பிள்ளையின் அப்பா என்மேல் பாய்ந்தார். “என்னங்க சங்கம் நடத்துறீங்க? இம்புட்டு நேரமா மாட்ட வச்சுப்புட்டீங்களே! உங்க ரிப்பேர்காரன் சுத்தச் சோம்பேறி போல. மொதல்ல அவனத் தொரத்துங்க.”

சிநேகிதன் தரையைப் பார்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையாட்டினேன். “ஆமாங்க, நாளைக்கே ஆள மாத்திருவோம்” என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

காபியோடு வந்த மகள் தட்டை ஸ்டூலில் வைத்தாள். “மாமா, நீங்க சும்மா இருங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். “அந்த ரிப்பேர்காரர் எங்க அப்பாதான். இப்ப உங்கள வெளிய கொண்டாந்ததும் அவர்தான்.”

காபியை யாரும் தொடவில்லை. “போய்த் தகவல் சொல்றோம்” என்று எழுந்தவர்கள் படியிலேயே இறங்கிப் போனார்கள். அந்தத் தகவல் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

“என்னய மன்னிச்சுர்றா” என்றேன் சிநேகிதனிடம்.

அவன் கண் நிறைந்திருந்தது. “நீ தலையாட்டுனப்ப நானும் ஆட்டத்தான்டா போனேன்” என்றான். “எம்மக ஆட்டலையே.”