பூசை போட்ட வண்டி

அன்று காலை மரவாடி வாசலில் இருந்தவர்கள் நைனா, அக்கா, அக்காவின் வீட்டுக்காரரான மாமா, நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் மரவாடி முதலாளி. இன்னொருவர் மாமாவோடு சேர்ந்து வண்டி வாங்கிய கூட்டாளி. வண்டியும் இல்லை.

கரையான்சாவடியில் மரம் விற்கும் அந்த மரவாடியின் பின்பக்கத்தை, வெளியார் வண்டி நிறுத்த மாத வாடகைக்கு விட்டிருந்தார்கள். எங்களுடையது பழைய கறுப்புக் கார். மாமாவும் கூட்டாளியும் பாதிப் பாதி பணம் போட்டு வாங்கி வாடகைக்கு ஓட்டினார்கள். பகலில் மாமா, ராத்திரியில் அவர். ஆளுக்கொரு சாவி. அக்கா வீட்டில் உலை கொதித்ததும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்த நான் சம்பளம் கட்டியதும் அந்த வண்டி ஓடியதால்தான்.

முந்தின நாள் ஆயுத பூசை. வண்டியைக் கழுவி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தோம். பூசை போட்டால் மறுநாள் நல்ல நேரம் வரை வண்டியைக் கிளப்பக் கூடாது. சாவி வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிடும். கூட்டாளி சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர், பொட்டு வைத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் வருஷா வருஷம் வந்து சக்கரமெல்லாம் தேய்த்துக் கழுவித் தருவார், பொரி கடலை வாங்கிக்கொண்டு போவார். அந்த வருஷம் அவர் வரவில்லை.

காலையில் நல்ல நேரம் பார்த்து நாங்கள் போனபோது, வண்டி நின்ற இடத்தில் தேக்கு மரங்கள் அடுக்கிக் கிடந்தன. முதலாளியின் டிராக்டர் போட்ட மாலை வாடாமல் ஓரமாக நின்றது. கேட்டருகே ஓர் எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. மாமா அதைக் குனிந்து எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்க வரைக்கும் உருண்டு வந்துக்கீது பாரு. எவனோ அது மேல ஏத்திகினு போய்ட்டான்" என்றார்.

காவலாளியைக் காணோம். பண்டிகைக் காசு வாங்கிக்கொண்டு ராத்திரியே ஊருக்குப் போய்விட்டான் என்றார்கள். முதலாளி மகள் வீட்டுக்குப் போயிருந்தார். எதிர்ப் பெட்டிக்கடைக்காரர், பூசைக்குக் கடையைச் சாத்திவிட்டு உள்ளேயே இருந்தும் வண்டி கிளம்பிய சத்தமே கேட்கவில்லை என்று சொன்னார். அதுதான் எங்களை அதிகம் உறுத்தியது. ஹேண்ட்பிரேக் போட்ட வண்டி, கதவைத் திறக்காமல் நகருமா? கதவைத் திறக்கச் சாவி வேண்டாமா? ஒரு சாவி ராத்திரி முழுக்க எங்கள் சாமி படத்தடியில் இருந்தது, இப்போது மாமாவின் சட்டைப்பையில் இருந்தது.

அதற்குமேல் யாரும் பெயர் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒன்று ஞாபகம் வந்தது. திருநின்றவூரில் அவர் மனை பார்க்கிறார் என்று அவர் சம்சாரம் சொன்னதை அக்கா சொன்னாள். இந்த வண்டி என்ன விலை போகும் என்று போன மாதம் ஆவடியில் ஒருத்தரிடம் அவர் விசாரித்ததை நைனா சொன்னார். பூசைக்கு வராததை மாமா மூன்று தரம் சொன்னார். "இன்னா காலேஜி, நீ இன்னா சொல்ற?" என்று என்னைக் கேட்டார். சாவி இரண்டுதான், ஒன்று நம்மிடம் இருக்கிறது என்றேன். கணக்கு அதோடு முடிந்துவிட்டது போலிருந்தது.

போலீசுக்குப் போகலாம் என்று மாமா கிளம்பியபோது, பஸ்ஸிலிருந்து கூட்டாளியே இறங்கி வந்தார். செருப்பெல்லாம் ஏரிச் சேறு. மனை பார்த்துவிட்டு, ராத்திரி அங்கேயே சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டு வருவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

"மச்சான், உன் சாவிய எடு பாப்போம்" என்றார் மாமா.

"இன்னாத்துக்கு?"

"எடுய்யா. எடுத்துக் காட்டறதுக்கு இன்னா?"

அவர் இடுப்பு பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றிக் காட்டினார். பிறகுதான் காலியிடத்தைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அந்த வெளுப்பைக்கூட நாங்கள் வேறுமாதிரிதான் பார்த்தோம்.

"வண்டி எங்கன்னு நீ கேக்கலியே மச்சான்" என்றார் கூட்டாளி மெதுவாக. "சாவி எங்கன்னுதானே கேட்ட. அது என் வண்டியும்தான்யா."

மாமா நசுங்கிய பழத்தை ஓரமாக வீசினார். நைனா வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெயில் ஏறியபின் முதலாளி வந்தார். எங்களைப் பார்த்ததும், "இன்னா டிரைவரே, வண்டிய எடுத்துகினு வந்தாச்சா?" என்று கேட்டார். முந்தின நாள் இருட்டும் நேரத்தில் தேக்கு லோடு வந்து நின்றுவிட்டதாம். இறக்க இடமில்லை. பூசை போட்ட வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்வது பாவம். அவருடைய டிராக்டருக்கும் பூசை போட்டாகிவிட்டது. அதனால் பக்கத்து வண்டிக்காரரின் மாடுகளைப் பூட்டி, முன்பம்பரில் கயிறு கட்டி, திருமழிசை ரோட்டில் இருந்த தன் காலிமனைக்கு இழுத்துப்போய் நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் சொல்லச் சொல்லிக் காவலாளியைத்தான் அனுப்பினாராம்; அவனோ எங்கள் வீட்டுக்கு வராமலே ஊருக்குப் போய்விட்டிருக்கிறான்.

ஹேண்ட்பிரேக் என்று மாமா ஆரம்பித்தார்.

"எங்க போட்டுகீற நீ? கைய வச்சா தானா உருள்து" என்றார் முதலாளி.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. மற்ற நாளில் மாமா ஓட்டிவந்து நிறுத்துவார், பிரேக் போடுவார். பூசையன்று கிணற்றடியில் கழுவிய வண்டியை, நாங்கள்தான் கையால் தள்ளி மூலைக்குக் கொண்டுபோனோம். உள்ளே யாரும் ஏறவேயில்லை.

திருமழிசை ரோட்டுக்கு எல்லோரும் பஸ்ஸில் போனோம். வேப்பமரத்தடியில் வண்டி மாலையோடு நின்றது, முன்பம்பர் மட்டும் ஒரு பக்கம் இழுபட்டு. மாமா தன் சாவியால் கதவைத் திறந்து மீட்டரைப் பார்த்தார், பெட்ரோல் டாங்கைத் தட்டிப் பார்த்தார். முதலாளிக்கும் கூட்டாளிக்கும் உள்ளுக்குள் ஏதாவது பேச்சு இருக்குமோ என்று என் காதில் கேட்டார். அவருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் வண்டியைச் சுற்றிவந்து நாலு சக்கரத்தையும் பார்த்தார். பிறகு தன் சாவியை மாமாவிடம் கொடுக்காமல் அக்காவின் கையில் வைத்தார்.

"ரெண்டு சாவியும் உங்க ஊட்லயே இருக்கட்டும்மா. என் பங்க மட்டும் பிரிச்சுக் குடுத்துடுங்க."

டீ சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் மச்சான் என்று மாமா கூட்டாளியின் தோளில் கை போட்டார். அவர் கையைத் தட்டிவிடவில்லை. டீயும் குடித்தார். ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. அக்காவின் சங்கிலியை விற்றும், நைனா தெரிந்த இடத்தில் கைமாற்று வாங்கியும் பொங்கலுக்குள் கொடுத்து முடித்தார்கள். மாட்டு வண்டிக்காரருக்கு எட்டு ரூபாய், பம்பரை நிமிர்த்த முப்பத்தைந்து, அவர் பங்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. ஆக மொத்தம் இரண்டாயிரத்து ஐந்நூற்று நாற்பத்து மூன்று ரூபாய்.